பதவி எதுவும் வகிக்காத அம்மம்மாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி?

பிள்ளை, நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது இதுதான். கிளிநொச்சி வட்டக்கச்சியில் 91 வயதில் மோசம்போன உங்கள் அம்மம்மாவுக்கு முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும். அம்மப்பாவைப் பற்றி எழுத ஒரு பக்கம் இருக்கிறது: கமக்காரர் அமைப்பின் செயலாளர், கோயில் பரிபாலன சபைத் தலைவர். அம்மம்மாவுக்கோ ‘கடமை தவறாத மனைவி, பாசமிகு தாய்’ என்ற ஒரு வரிக்கு மேல் பேனை ஓடவில்லை. கடதாசிகள் எல்லாம் 2009 யுத்தத்தில் போய்விட்டன. பழைய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஒன்று மட்டும் மிச்சம். அதில் உள்ள பிறந்த நாளும் பெரியம்மா சொல்லும் பிறந்த நாளும் ஒத்துவரவில்லை. காணாமற்போன கடைசி மாமாவின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போடுவதா விடுவதா என்று வீட்டுக்குள் இழுபறி. ‘இரண்டு பக்கத்தை எப்படி நிரப்புவது’ என்று முடித்திருக்கிறீர்கள். பக்கம் நிரப்ப வழி வேண்டுமென்றால் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். பதவியும் பட்டமும் கடதாசியும் இல்லாத ஒரு மனுசியின் நீண்ட வாழ்வைப் பொய் சேர்க்காமல் எழுத முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஊரில் ஒரு செத்தவீடு முடிந்து எட்டுச் செலவுச் சடங்கும் கழிந்தால், யாராவது ஒரு கொப்பியோடு படலையில் வந்து நிற்பார்கள், ‘மாஸ்ரர், இதைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கோ’ என்று. அப்படிப் பார்த்துக் கொடுத்தவற்றிலிருந்துதான் இதை எழுதுகிறேன். திதி கணிப்பதும் கிரியை ஒழுங்கும் என் வேலை அல்ல, அதற்கு உங்கள் குருக்கள் இருக்கிறார். காணி, சான்றிதழ் பற்றிச் சொல்வதும் கல்வெட்டு எழுத உதவும் அளவுக்குத்தான். சட்ட அலுவல் என்றால் பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

முதலில் கல்வெட்டைப் பற்றி ஒரு சொல். இது நம்மவரிடம் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். பஞ்சபுராணம், திதி வெண்பா, வம்சாவழி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். இறந்தவரைப் பற்றிச் சரமகவி பாட ஊரில் ஒரு புலவராவது இருந்த காலத்தில் வாழ்க்கை வரலாறும் செய்யுளில்தான் வந்தது. இப்போது வெண்பாவை ஒருவரிடம் கேட்டு வாங்கிவிட்டு வரலாற்றை உரைநடையில் எழுதுகிறோம். வில்லங்கம் அங்கேதான். அச்சகத்தில் ஏற்கெனவே ஒரு ‘வாழ்க்கை வரலாறு’ கணினியில் கிடக்கும். பெயர், ஊர், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் என்று நாலு இடத்தை மாற்றினால் வேலை முடிந்தது. ‘வந்தாரை வரவேற்று, இன்முகத்துடன் உபசரித்து, இல்லற தர்மத்தின் இலக்கணமாய்’ என்று அதில் வரும் வசனம் ஊரில் செத்த எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது உங்கள் அம்மம்மாவைப் பற்றி எதையும் சொல்லாது. அந்தக் கோப்பை அச்சகத்தார் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனிப் பிறந்த நாள். அடையாள அட்டை இலக்கத்தை முழுதாகப் பொதுவில் போடாமல் முதல் ஐந்து இலக்கத்தை மட்டும் தந்தது நல்ல காரியம். 34632 என்கிறீர்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 632இல் 500 போனால் 132. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஏப்ரல் முடிய 121, மிச்சம் 11. ஆகவே அட்டைப்படி அவர் பிறந்தது 1934 மே 11. (2016இலிருந்து கொடுக்கும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நாலு இலக்கமாக வரும்.)

ஆனால் அட்டையில் இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது 1972இல். அப்போது அம்மம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதளவில். பிறப்புப் பதிவு கையில் இல்லாத அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் உத்தேச வயதை வைத்துத்தான் அட்டை எடுத்தார்கள். உத்தேச வயதுச் சான்றிதழ் என்றே ஒன்று இன்றும் இருக்கிறது. அப்படி எடுத்த அட்டைகளில் ஆண்டு ஓரளவு சரியாக இருக்கும், நாளை நம்ப முடியாது. 501 என்று, அதாவது ஜனவரி முதலாம் திகதி என்று விழுந்த அட்டையைக் கண்டால் நான் அந்த நாளை அப்படியே எடுப்பதில்லை.

பெரியம்மா சொல்வது, ‘சிவராத்திரிக்கு முதல் நாள் பிறந்தவ’ என்று. தன் அம்மம்மாவின் வாயால் கேட்டது என்கிறார். இதைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளைப்பேற்றை விரதத்தோடும் திருவிழாவோடும் சேர்த்துத்தான் ஞாபகம் வைத்தார்கள். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது அம்மம்மாவுக்கு என்ன நட்சத்திரம் சொன்னீர்கள்? சாதகம் தொலைந்தாலும் நட்சத்திரம் தொலையாது, வருசாவருசம் ஐயரிடம் சொன்னது பேரப்பிள்ளைகளுக்குக்கூட நினைவிருக்கும். மாசிச் சிவராத்திரியை அண்டிய நாளில் சந்திரன் உத்தராடம், திருவோணம், அவிட்டம் பக்கம்தான் நிற்கும். அம்மம்மாவின் நட்சத்திரம் அவற்றில் ஒன்றானால் பெரியம்மாவின் சொல்லுக்குப் பலம் கூடுகிறது. ரோகிணி, மகம் என்று வந்தால் சிவராத்திரிக் கதை நிற்காது.

சிவராத்திரி சரியென்றே வைத்துக்கொண்டால், அடுத்தது எந்த ஆண்டு மாசி என்ற கேள்வி. 1934 சித்திரையில் பிறந்தது பவ வருடம். அதற்கு முன்னையது ஸ்ரீமுக வருடம். ஸ்ரீமுக மாசி என்றால் ஆங்கிலக் கணக்கில் 1934 பெப்ரவரி - மார்ச். பவ மாசி என்றால் 1935. ஸ்ரீமுக மாசியானால் அட்டையில் உள்ள ஆண்டும் பெரியம்மா சொல்லும் மாதமும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. பதியும்போது ஆண்டைச் சரியாகச் சொல்லி, நாளை மட்டும் யாரோ ஒப்புக்கு நிரப்பியிருக்கலாம். எனக்கு இதுதான் கூடப் பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் இது ஊகம். ஆகவே கல்வெட்டில் ‘1934ஆம் ஆண்டு பிறந்தார்’ என்று ஆண்டை மட்டும் உறுதியாக எழுதுங்கள். ‘மாசிச் சிவராத்திரிக்கு முதல் நாள் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள்’ என்று அடுத்த வசனத்தைச் சேருங்கள். உறுதியானதும் கேள்விப்பட்டதும் வேறு வேறு வசனத்தில் நின்றால், நாளைக்கு ஒரு சாதக ஓலை எங்காவது கிடைத்தாலும் நீங்கள் எழுதியது பொய்யாகாது.

கடதாசி எல்லாம் போய்விட்டது என்றீர்கள். அம்மம்மாவின் பெயரில் இருந்த கடதாசி போயிருக்கும். அவர் பெயர் இருக்கும் கடதாசி எல்லாம் போகவில்லை. உங்கள் அம்மாவின், மாமாமாரின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். தாயின் முழுப்பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பெற்றோர் மணமுடித்தவர்களா என்பதற்கும் பாட்டனாரைப் பற்றியும் கட்டங்கள் உண்டு. பிறந்த இடத்தைப் பாருங்கள்: மூத்தவர் வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்து, இளையவர் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அதற்குள்ளேயே ஒரு காலமாற்றம் இருக்கிறது. பிரதி இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பகுதியில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பு தப்பியிருந்தால் அதையும் கேளுங்கள். வாக்காளர் இடாப்பில் வீட்டு வாரியாகப் பெயர் வரும்.

காணிக் கடதாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னிக் குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில், நாங்கள் சொல்லும் பெர்மிற்றில், கொடுக்கப்பட்டவை. பெர்மிற் பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆண் பெயரில்தான் வரும். காடு வெட்டினது இருவர், கல் அடுக்கி அடுப்பு மூட்டினது ஒருவர், கையெழுத்து மற்றவருடையது. அம்மம்மாவுக்கு எழுத ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவு வைத்தவர்கள் அவரைப் பதியவில்லை, அவ்வளவுதான். அம்மப்பா போன பிறகு காணி அவர் பெயருக்கு மாறியிருந்தால் காணிப் பகுதியில் ஒரு கோவை இருக்கும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசியில், பெரிய விசயம் இல்லை என்ற மாதிரி ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்கள்: ‘அம்மப்பா சங்கக் கூட்டம் என்று போய்விட்டால் ராவில் லாம்போடு போய்த் தண்ணி கட்டுறது அம்மம்மாதான்.’ பிள்ளை, உங்கள் கல்வெட்டு இந்த வசனத்தில்தான் தொடங்க வேண்டும்.

சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். உங்கள் முறை இரவு ஒரு மணிக்கு என்றால் ஒரு மணிக்கு வரம்பில் நிற்க வேண்டும். மேல் மடையை அடைத்து, தன் மடையை வெட்டி, தண்ணீர் கடைசிப் பாத்திவரை போகிறதா என்று சேற்றுக்குள் நடந்து பார்க்க வேண்டும். கண் அயர்ந்தால் கீழ்க்காணிக்காரன் திருப்பிக்கொண்டு போவான். கதிர் பாலேறும் நேரத்தில் ஒரு முறை தவறினால் நெல் மணி பிடிக்காமல் சப்பியாகும். வரம்பில் புடையன் பாம்பு படுத்திருக்கும், பன்றி இறங்கும். இத்தனையையும் ஒரு பெண் கையில் லாம்பும் தோளில் மண்வெட்டியுமாகச் செய்திருக்கிறார். சங்கத்தின் செயலாளர் சங்கத்துக்குப் போய்வர முடிந்தது அதனால்தான். அம்மப்பாவின் பதவியைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை, அவர் ஊருக்கு உழைத்தவர். அந்த உழைப்புக்கு வீட்டுப் பக்கத்தில் இருந்து ஈடு கொடுத்தது யார் என்பதும் அதே பக்கத்தில் வரட்டும். ‘கடமை தவறாத மனைவி’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ராவில் தண்ணீர் கட்டினதை எழுதினால், அந்தச் சொல்லைப் போடாமலே கடமை தெரியும்.

இப்படியானவை இன்னும் இருக்கும். ஆனால் ‘அம்மம்மா எப்படிப்பட்டவ?’ என்று கேட்டால் வராது. ‘தங்கமான மனுசி’ என்று சொல்லிவிட்டு அழத் தொடங்குவார்கள். கையும் காலும் செய்த வேலையைக் கேளுங்கள். நெல் அவித்த அண்டா எங்கே இருந்தது, யார் பிடித்து இறக்கினது? பின்னேரம் ஊறப்போட்ட நெல்லை விடியப்புறம் அடுப்பேற்றி, நெல் வாய் பிளக்கும் பதத்தில் இறக்கி, முற்றத்துப் பாயில் பரப்பிக் காலால் துழாவிவிட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்துக் காய்ச்சல் பார்ப்பார்களே, அந்தப் பதம் அவருக்குப் பிறகு யார் கைக்கு வந்தது? மழை இருட்டினால் முதலில் யாரைக் கூப்பிடுவார்? அரிவு வெட்டுக்காரருக்கு வயலுக்குச் சோறு போனபோது கறி என்ன? எத்தனை மாடு, அவற்றுக்கு என்ன பெயர்? பால் காசு யார் கையில் இருந்தது, அதில் என்ன வாங்கினார்? பெரியம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள். மருமக்களிடமும் பக்கத்து வளவுக்காரியிடமும் கேளுங்கள். பிள்ளைகள் தாயைப் பார்ப்பதும் மருமகள் மாமியைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இதில் மருமகளின் ஞாபகம் பெரும்பாலும் துல்லியமாக இருக்கும், புது வீட்டில் கண்டதெல்லாம் அவளுக்குப் புதிதல்லவா. கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்களிடம் வட்சப்பில் குரல் பதிவாக வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னால் ‘இன்முகத்துடன் உபசரித்து’ என்றுதான் வரும்.

காலத்தை நிறுத்துவதற்கு ஆண்டு கேட்காமல் ஊருக்கு நடந்ததை வைத்துக் கேளுங்கள். ‘நீங்கள் வட்டக்கச்சிக்கு வந்தது எந்த வருசம்’ என்றால் யாருக்கும் தெரியாது. ‘1957 பெருவெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா’ என்றால் தெரியும். யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956. மார்கழிப் புயல் 1964. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த சிறிமா ஆட்சி 1970 முதல் 1977 வரை. அந்தச் சில வருடத்தில் வன்னித் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், மகளுக்கு நகை செய்தார்கள். உங்கள் வீட்டின் சீமெந்து நிலம் எப்போது போட்டது என்று கேளுங்கள், அநேகமாக அந்தக் காலமாக இருக்கும். அந்த மிளகாயைக் குனிந்து குனிந்து பிடுங்கியது யார், பழம் காய வைத்த முற்றத்தில் தும்மிக்கொண்டு நின்றது யார் என்றும் கேளுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984. வடக்கு ரயில் வவுனியாவோடு நின்றது 1990. யாழ்ப்பாணச் சனம் வன்னிக்கு வந்து இறங்கியது 1995 ஐப்பசி - கார்த்திகை. அப்போது உங்கள் வளவில் எத்தனை குடும்பம் கொட்டில் போட்டது, கிணற்றை எப்படிப் பங்கிட்டார்கள்? கிளிநொச்சி இடம்பெயர்ந்தது 1996. ஏ9 பாதை திறந்தது 2002 சித்திரை. சுனாமி 2004 மார்கழி 26. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அம்மம்மா எங்கே நின்றார், கையில் யார் பிள்ளை இருந்தது என்று போட்டுக்கொண்டு வந்தால், ஒரு கொப்பி ஒற்றையில் அவர் வாழ்வின் வரிசை தானாக வந்துவிடும்.

கலியாணம் முடித்து வன்னிக்கு வந்ததைப் பற்றியும் விசாரியுங்கள். தீவுப்பகுதியில் இருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வன்னி என்றால் காய்ச்சல் என்றுதான் யாழ்ப்பாணத்தில் பயம். 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் மலேரியா அடங்கி, குடியேற்றங்கள் நிலைத்தன. அந்தப் பயம் முழுதாகப் போகாத காலத்தில் ஒரு தாய் தன் மகளைக் காட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார், அந்த மகளும் வந்து இருந்துவிட்டார். யார் தடுத்தார்கள், யார் சம்மதித்தார்கள், முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போனாரா? இதற்கு விடை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அம்மம்மாவின் சகோதரங்களில் யாராவது இருந்தால் முதல் அழைப்பு அவருக்கு எடுங்கள்.

2009ஐ எப்படி எழுதுவது என்று தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அது வரத்தான் போகிறது. கல்வெட்டுகளில் பெரும்பாலும் ‘இறுதி யுத்தத்தின் துன்பங்களையும் தாங்கி’ என்று ஒரு வசனத்தில் கடந்துபோவார்கள். வீட்டார் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள் என்றால் அப்படியே விடலாம், குறை சொல்ல மாட்டேன். எழுத மனம் இருந்தால் இடங்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். உங்கள் குடும்பம் நின்ற இடங்கள் இதில் எவை என்று கேட்டு எழுதுங்கள், நிற்காத இடத்தைச் சேர்க்க வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் அம்மம்மா செய்த ஒரு வேலை. எழுபத்தைந்து வயது மனுசி பதுங்குகுழி வாசலில் இருந்து கஞ்சி காய்ச்சினாரா, பேரப்பிள்ளையின் காதைப் பொத்தினாரா? நான் பார்த்துக் கொடுத்த ஒரு கல்வெட்டில், ஒரு தாய் பயற்றை, கத்தரி, வெண்டி விதைகளைச் சீலைத் தலைப்பில் முடிந்து கடைசிவரை கொண்டுபோய், மெனிக் பாமில் கூடாரத்தின் ஓரத்தில் ஊன்றினார் என்று மருமகள் சொல்லி எழுதினோம். அந்தக் குடும்பத்தார் அதுவரை அதை ஒரு செய்தியாக நினைத்திருக்கவில்லை.

கடைசி மாமாவின் விசயம். வட்டுவாகலில் பிரிந்தவர், இன்றுவரை தகவல் இல்லை என்கிறீர்கள். ஒரு பகுதியினர் ‘அமரர்’ போட்டுவிடுவோம் என்கிறார்கள், உங்கள் அம்மா மாட்டேன் என்கிறார். இது குடும்பம் முடிவெடுக்க வேண்டியது, வெளியாள் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இது அம்மம்மாவின் கல்வெட்டு. ஆகவே அம்மம்மா எப்படி வைத்திருந்தாரோ அப்படி வைக்க வேண்டும். மகனின் படத்துக்கு அவர் மாலை போட்டாரா, விளக்கு வைத்தாரா? வைக்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கும் முழங்கால் நோவோடு போய் இருந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைகள் வரிசையில் அவன் பிறந்த இடத்திலேயே, மற்றவர்களைப் போலவே பெயரைப் போடுங்கள். அடைமொழி வேண்டுமென்றால் ‘காணாமலாக்கப்பட்ட’ என்று போடலாம். வரலாற்றில் ‘கடைசி மகனைத் தேடிக்கொண்டே இருந்தார்’ என்று ஒரு வசனம் எழுதுங்கள். சட்டத்திலும் காணாமற்போனமைச் சான்றிதழ் வேறு, மரணச் சான்றிதழ் வேறு. அந்த வேறுபாட்டை 2016இலேயே சட்டத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். தாய் மறுத்த ஒன்றை அவருடைய கல்வெட்டில் பிள்ளைகள் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுதாமல் விட வேண்டியதும் இருக்கிறது. நீண்ட தாம்பத்தியத்தில் சண்டை இருந்திருக்கும், சகோதரங்களுக்குள் காணிப் பிரச்சினை இருந்திருக்கும், ஒரு மருமகளோடு பேசாமல் இருந்த வருசங்கள் இருந்திருக்கும். இருக்கிறவர்களை நோகடிக்கும் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பத்து வருசம் பேசாமல் இருந்த மருமகளை ‘மகளாய் மடியில் வைத்து’ என்று எழுதாதீர்கள். அந்தப் பக்கத்தை அந்த மருமகளும் வாசிப்பாள். அம்மம்மா கோபக்காரி என்றால் கோபக்காரி என்றே எழுதலாம். அந்தக் கோபம் எதற்கு வரும், எப்படி ஆறும் என்று சேர்த்து எழுதினால் பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அழுவார்கள்.

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்று, நீங்கள் தந்தவற்றை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘எங்கள் அம்மம்மா 1934ஆம் ஆண்டு பிறந்தார். மாசிச் சிவராத்திரிக்கு முதல் நாள் என்று வீட்டில் சொல்வார்கள். கலியாணம் முடித்து வட்டக்கச்சிக்கு வந்த நாள் முதல் வயலும் வீடும் அவர் கையில் இருந்தன. அம்மப்பா ஊர் அலுவலாய்ப் போன இரவுகளில் லாம்பும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கட்டியவர் அவர். விடிய நாலு மணிக்கு எழும்பினால் பிள்ளைகள் எழும்ப முதல் நெல் அவித்து இறக்கியிருப்பார். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, நடக்க முடிந்த காலம்வரை நடந்தே போனார்.’ இதில் எந்த வசனத்தையும் இன்னொரு அம்மம்மாவின் கல்வெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த அளவுக்கு எழுதினால் இரண்டு பக்கம் காணாது, நாலு கேளுங்கள். புலம்பல் பாட்டில் இரண்டைக் குறைத்தால் இடம் வரும்.

படத்துக்கு அடையாள அட்டைப் பிரதியைப் பெருப்பிக்க வேண்டாம், முகம் கரைந்துவிடும். கலியாணவீட்டு அல்பங்களைப் பாருங்கள், குறிப்பாக வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் அல்பங்களை. வன்னியில் அழிந்த படங்களின் பிரதிகள் அங்கேதான் தப்பியிருக்கின்றன. பின்வரிசையில் பாதி முகம் தெரிந்தாலும் அது அவர் நின்ற நிலை. வம்சாவழியில் பெண்களின் பெயரை விடாதீர்கள். அம்மம்மாவின் தாயின் பெயரும் தாயின் தாயின் பெயரும் தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அச்சுக்குப் போக முதல் முழுவதையும் பெரியம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடியைப் போட்டு அவரே வாசித்தால் எழுத்துப்பிழைதான் பார்ப்பார். காதால் கேட்டால் ‘அது அப்படியில்லை’ என்று நிறுத்துவார், அங்கே திருத்துங்கள்.

அச்சடித்ததும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதியோ பிடிஎப் கோப்போ அனுப்புங்கள். நினைவு மலர்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். வட்டக்கச்சியில் ஒரு பெண் ராவில் தண்ணீர் கட்டினது குடியேற்றத் திட்டக் கோவைகளில் இருக்காது. நாளைக்கு வன்னியைப் பற்றி ஆராய வரும் பிள்ளை உங்கள் நாலு பக்கத்தைத்தான் தேடும். நட்சத்திரம் என்னவென்று விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், பிறந்த மாதத்தை ஒரு தரம் சேர்ந்து பார்ப்போம்.